தள்ளிப் பார்த்து வாங்கிய சாமான்கள்

என் கடைக்கு வருகிறவர்கள் சோபா என்றால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பீரோ என்றால் கதவைத் திறந்து மூடுவார்கள். கட்டில் என்றால் கூச்சப்பட்டுக்கொண்டே மெத்தையை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்குவார்கள். கழுகுமலை ரோட்டில் இத்தனை காலமாக மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன், தள்ளிப் பார்த்து வாங்கினவர் ஒருவர்தான். ஜெயபாயக்கா.

வந்ததும் வராததுமாக ஒரு மேஜையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினார். மேஜை கிறீச்சென்று நகர்ந்தது. அடுத்ததைத் தள்ளினார். அதுவும் நகர்ந்தது.

"என்னக்கா, மேஜை மேல அப்படி என்ன கோவம்?" என்று கேட்டேன்.

"நான் தள்ளி நகரக் கூடாது தம்பி. அவுக மொத்தமாச் சாஞ்சாலும் அது நிக்கணும்."

அவுக என்று சொன்னது அவர் வீட்டுக்காரர் பவுல்பாண்டியன் சாரை. எங்கள் தெருதான், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் பி.டி. சார். பள்ளிக்கூடம் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் எங்களுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. டீக்கடையில் நிற்கிறவன் தொப்பையைத் தட்டி, "எத்தனாவது மாசம் வே?" என்பார். சீரியல் பார்க்கும் பெண்களிடம் போய், "பாருங்க, வேண்டாங்கல. நின்னுக்கிட்டுப் பாருங்க" என்பார். எனக்கு முட்டு வலி என்று தெரிந்ததும் விடியுமுன் வந்து கதவைத் தட்டினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து காட்டி, "இது வந்துட்டா மாத்திரை எதுக்கு வே?" என்றார். எனக்கு இன்றுவரை அது வரவில்லை.

அவர் வீட்டு ஹாலில் ஒரு சாமான் கிடையாது. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் வெறும் டைல்ஸ். வந்தவர்களுக்குப் பாய் விரிப்பார். "சோபா வாங்குறது சொந்தக் காசுல சூனியம் வைக்கது" என்று என் கடை வாசலிலேயே, அதுவும் சோபா பார்க்க வந்த புதுமாப்பிள்ளையிடம் சொல்வார். "சங்கரசுப்பு விக்கது பூராம் வியாதி" என்று ஒரு நாள் சொன்னபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வயிற்றுப்பிழைப்பில் கை வைத்தால் யாருக்குத்தான் வராது. ஆனால் மறுநாள் காலையில் வந்து கதவைத் தட்டும்போது அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. அப்படி ஒரு வெள்ளை மனசு.

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மைதானத்தில் குனிந்து நிமிரும்போதே சாருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, ரத்த அழுத்தம் மட்டும் எந்தக் காலத்திலிருந்தோ ஏறிக் கிடந்திருக்கிறது. அதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிற உடம்பை எதற்கு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. "நெதமும் ஓடுன மனுசனுக்கே இப்படின்னா, நாம எதுக்கு மூச்சு வாங்க ஓடணும்?" என்று டீக்கடையில் ஒருவன் சொல்லிச் சிரித்தான். அறைந்திருப்பேன். கையில் டீ இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறி, இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க இசக்கிச்செல்வி என்ற பிசியோதெரபிப் பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். கெட்டிக்காரப் பெண். முதல் நாள் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "என்ன சார், வீட்ட கிரவுண்டு மாதிரி வச்சிருக்கீங்க? எதைப் பிடிச்சு நடப்பீங்க?" சார் ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தாராம்.

பெங்களூரிலிருந்து மகள் ஜெனித், பட்டனை அமுக்கினால் சாய்கிற பெரிய நாற்காலி ஒன்றை அனுப்புவதாகச் சொன்னாள். இசக்கிச்செல்வி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் உள்ளே அமுங்குகிற எதுவும் ஆகாது. நாற்காலி கெட்டியாக, முழங்காலுக்குத் தாழாத உயரத்தில், கைப்பிடி வைத்ததாக இருக்க வேண்டும். தரையில் மிதியடி, பாய் எதுவும் கிடக்கக் கூடாது. பிடித்து நடக்கிற சாமான் கனமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் மனசில் வாங்கிக்கொண்டுதான் ஜெயபாயக்கா என் கடையில் மேஜை மேஜையாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

குடோனில் ஒரு வேங்கை மரப் பெஞ்சு கிடந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்குச் செய்தது. தூக்கிப் போட நாலு ஆள் வேண்டியிருக்கிறது என்று அவர்கள் எடுக்கவில்லை. அக்கா அதைத் தள்ளினார். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. "இதான் தம்பி" என்றார். அந்த முகத்தில் அத்தனை நாளில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அது.

பெஞ்சு, ஒரு பழைய தேக்கு மேஜை, இடுப்பு உயர அலமாரி ஒன்று, கை வைத்த நாற்காலி இரண்டு. எங்கே போடுவது என்பதை இசக்கிச்செல்வி சொன்னாள். படுக்கையறை வாசலைத் தாண்டியதும் நடு ஹாலில் பெஞ்சு, அதுவும் கோணலாக. பெஞ்சை விட்ட கை போய் விழுகிற இடத்தில் மேஜையின் மூலை. அப்புறம் அலமாரி. அப்புறம் ஜன்னலோரம் நாற்காலி. உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு அதே வழியில் திரும்பி வர வேண்டும். "பிடிச்சுத் தொங்கக் கூடாது சார். தொட்டுட்டுப் போகணும். கண்ணால தேடக் கூடாது, கை தானாப் போகணும்" என்பாள். கால் தேறத் தேற, வாரம் ஒருமுறை ஒவ்வொரு சாமானையும் ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்வாள். என் கடை ஆட்கள் போய்த் தள்ளிப் போட்டுவிட்டு வருவார்கள்.

பார்க்கச் சகிக்காது. லாரியிலிருந்து இறக்கிப் போட்டதை அப்படியே விட்ட மாதிரி இருக்கும் ஹால். "அக்கா, எங்க வாங்கினீங்கன்னு யாரும் கேட்டா என் கடைப் பேரச் சொல்லிராதீங்க" என்று சொன்னேன். சார் உள்ளே இருந்து உடம்பு குலுங்கச் சிரித்தார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் சபைக் குருவானவர் வந்தார். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து திருவிருந்து கொடுப்பது அவர்கள் வழக்கம். கோயிலில் என்றால் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கம்பி அருகே போய், எல்லாரோடும் முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கி, எழுந்து வர வேண்டும். நான் கோமதியம்மன் கோயிலுக்குப் போகிற ஆள், எனக்கு இதெல்லாம் சார் சொல்லித்தான் தெரியும். குருவானவர் அப்பத்தை எடுக்கும்போது சார் வாயை இறுக மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"படுத்துக் கெடக்கவனுக்குத்தான் ஐயா வீட்டுக்கு வரும்" என்று குழறிக் குழறிச் சொன்னார். "நான் ஈஸ்டருக்கு நடந்து வாரேன். முட்டி போட்டு வாங்குதேன்."

அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. நடப்பது சீக்கிரம் வந்துவிடும், முட்டி போட்டு எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்று இசக்கிச்செல்வி எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. கடைசியில் அவளே பெஞ்சைப் பிடித்து முட்டி போடப் பழக்கினாள். மற்றவர்களை வெயிலில் நிறுத்தி எத்தனை வேலை வாங்கினாரோ, அத்தனையும் தன் உடம்பிடமே வாங்கினார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் நான் போயிருந்தபோது செய்து காட்டினார். பெஞ்சில் வலது கையை வைத்து, ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி. சற்று நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜெயபாயக்கா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அவரைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றார். சார் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பைக்கை நிறுத்தின இடம் சரியில்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

இனிச் சொல்ல வேண்டியது இஸ்ரேலைப் பற்றி. சபைக் கமிட்டியில் இருக்கிறவர், தறிக்கு நூல் வியாபாரம். ஊரில் யாருக்கு ரத்தம் வேண்டும் என்றாலும் முதலில் கையை நீட்டுகிறவர். யார் வீட்டுச் சாவு என்றாலும் பந்தல் கம்பைத் தூக்கி வருகிறவர். அப்படிப்பட்ட ஆளைக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. கூசுவதாலேயே என் கோபம் இரட்டிப்பாகிறது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அவர்கள் வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். சார் வீட்டிலும் ஒன்று வைத்தார்கள். ஈஸ்டருக்கு அவர் நடந்து கோயிலுக்கு வர வேண்டும் என்பதற்காகவே வைத்த விசேஷ ஜெபம். அன்றைக்கு நான் ராயகிரியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டில் இறக்கப் போயிருந்தேன். நடந்ததெல்லாம் அக்கா பிறகு சொன்னது.

சார் உள்ளே படுக்கையறையில் இருக்க, அக்கா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாராம். ஹாலில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்தால், இஸ்ரேலும் இன்னும் நாலைந்து பேரும் பெஞ்சை வாசலுக்குத் தூக்கிவிட்டார்கள். அத்தனை பேர் உட்கார ஜமுக்காளம் விரிக்க வேண்டுமே.

"தம்பி, வேண்டாம், அதை எடுக்காதீங்க" என்றிருக்கிறார் அக்கா.

"நீங்க போயி டீயப் பாருங்கக்கா. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றிருக்கிறார் இஸ்ரேல்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை சொல்கிற வேண்டாம் என்பதை யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்லை. டீ வேண்டாம் என்றால் ஊற்றுவார்கள். சாப்பாடு வேண்டாம் என்றால் இலை போடுவார்கள். உதவி வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். மூன்று தடவை சொன்னால்தான் அது வேண்டாம். தன் புருஷனுக்காக முழங்கால் போட வந்தவர்களிடம் மூன்றாவது தடவை எப்படிச் சொல்வார்? கூட்டம் முடிந்ததும் திரும்பப் போடச் சொல்லலாம் என்று அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜெபம் நன்றாக நடந்தது. இஸ்ரேல் கண்ணீர் விட்டு ஜெபித்தார். சுண்டல் சாப்பிட்டு, டீ குடித்து, ஜமுக்காளத்தை மடித்தார்கள். சாமான்களையும் பொறுப்பாக உள்ளே கொண்டுவந்தார்கள். பெஞ்சைச் சுவரோடு சேர்த்துப் போட்டார்கள். மேஜை மூலைக்குப் போயிற்று. அலமாரி ஜன்னலுக்குக் கீழே, நாற்காலிகள் வரிசையாக. என் கடை விளம்பரத்தில் போடுகிற படம்கூட அவ்வளவு லட்சணமாக இருக்காது.

"இப்பதான்க்கா வீடு வீடா இருக்கு" என்றாராம் இஸ்ரேல். "போட்டது போட்டபடி ஒத்தையில கெடந்து கஷ்டப்பட்டிருக்கீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவர் கண் கலங்கியிருந்ததாம்.

அக்கா என்ன சொல்வார். ரொம்ப நன்றி தம்பி என்றிருக்கிறார்.

எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். மேஜையைப் பாதி தூரம் நகர்த்தினார். பெஞ்சு அசையவில்லை. தள்ளினால் அசையக் கூடாது என்று பார்த்து வாங்கின பெஞ்சு. "விடிஞ்சதும் சங்கரசுப்பு தம்பிட்ட சொல்லி ஆளு வரச் சொல்லுதேன். அதுவரைக்கும் எந்திரிச்சு வந்துராதீக" என்று சாரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் தலையை ஆட்டியிருக்கிறார்.

வாழ்நாள் முழுக்க ஊருக்கு முன்னால் எழுந்த மனிதர். மறுநாள் விடியுமுன், அக்கா பின்பக்கம் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல எழுந்து படுக்கையறை வாசலைத் தாண்டியிருக்கிறார். வலது கை பெஞ்சு இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை.

எனக்குப் போன் வந்து நான் ஓடியபோது வெளுக்க ஆரம்பித்திருந்தது. சார் இடுப்பு திரும்பினபடி டைல்ஸில் கிடந்தார். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்ததும், "பெஞ்ச எடுத்துட்டாக தம்பி" என்றார். அப்போதுதான் நான் சுவரைப் பார்த்தேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது, அதுவும் விளங்காத பக்கத்தில். பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். சிறுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். இசக்கிச்செல்வி வந்து காலைத் தூக்கிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். அவரிடம் சிரித்துப் பேசிவிட்டு வாசலுக்கு வந்து, "உக்கார வைக்கலாம்க்கா. நடக்கது இனி இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் செருப்பை மாட்டாமலே நின்றாள். "பாக்காம கை தானாப் போகணும்னு நான்தானக்கா பழக்கினேன்" என்று சொல்லி அழுதாள்.

எனக்கு அன்றைக்கே இஸ்ரேல் கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அக்கா விடவில்லை.

"சொன்னா எலும்பு ஒட்டுமா தம்பி? அந்த மனுசன் அப்புறம் ஒரு வீட்லயும் முழங்கால் போட மாட்டாரு. விட்ருங்க."

"அவரு செஞ்சதுக்கு நீங்க ரெண்டு பேரும் அனுபவிக்கணுமாக்கா?"

"அனுபவிச்சுட்டுத்தான இருக்கோம். மூணாவது ஆளு எதுக்கு?"

எனக்கு இன்னும் அது சரியென்று படவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். வழியில் பார்க்கும்போதெல்லாம் இஸ்ரேல், "இவ்வளவு ஜெபிச்சும் இப்படி ஆயிட்டே அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் கையை உருவிக்கொண்டு போவேன். என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார்.

இனி நடக்க முடியாது என்பதை அக்கா சாரிடமும் சொல்லவில்லை. என் ஆட்களை வரச்சொல்லி, எல்லாச் சாமானையும் பழைய இடத்தில், அதே கோணலில் போட வைத்தார். கட்டிலில் படுத்தபடியே பார்த்தால் வாசல் வழியாகப் பெஞ்சின் ஒரு முனை தெரியும். சார் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். "ஈஸ்டருக்கு நாள் கெடக்குல்லா?" என்று கேட்பார். "கெடக்கு" என்பார் அக்கா. கம்பி வைத்தது கூடியதும் எழுந்துவிடலாம் என்று நம்பினார். வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்து, தோளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் வந்தது. அன்று மத்தியானம் அக்கா போன் செய்தார். குருவானவர் வருகிறார், கூட வாங்க தம்பி என்றார். நான் போய்ச் சேரும்போதே இஸ்ரேலும் சபைக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஹாலில் நிற்க இடமில்லை. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், மேஜையை இடித்துக்கொண்டு பெண்கள். உள்ளே கட்டிலில் சார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. தாடை இறுகியிருந்தது.

இஸ்ரேல் பெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"யக்கா, இத ஏன் மறுபடியும் நடுவுல போட்டிருக்கீங்க?"

நான் சொல்லிவிட வாயெடுத்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சும்மாதான் தம்பி, போட எடம் இல்லாம" என்றார். படுக்கையறைப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு, உள்ளே கேட்கட்டும் என்றே சொன்ன மாதிரி, நிதானமாகச் சொன்னார்: "எடுத்துருங்க. ஓரமா வேண்டாம், வெளியவே கொண்டு போயிருங்க. இனி அதுக்கு இங்கன வேலை இல்ல."

மூன்று தடவை கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தூக்கும்போது வாசல் வழியாக உள்ளே பார்த்தேன். சார் கண்ணைத் திறந்திருந்தார். பெஞ்சு அவர் பார்வையைவிட்டுப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மேஜை போயிற்று. அலமாரி போயிற்று.

குருவானவர் உள்ளே போய்க் கட்டிலருகே நின்று ஜெபித்தார். அப்பத்தை எடுத்து நீட்டினார். அன்றைக்கு வாயை இறுக மூடிக்கொண்ட மனிதர், இன்றைக்கு யாரும் சொல்லாமல் தானே வாயைத் திறந்தார். ரசத்தைச் சிறிய கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தபோது கோணின பக்கமாகக் கொஞ்சம் வழிந்து தலையணையில் இறங்கியது. அக்கா முந்தானையால் துடைத்தார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அறைக்கு வெளியே ஜமுக்காளம் விரித்துப் பாட்டு எடுத்தார்கள். ஹாலில் எல்லாரும் முழங்கால் போட இடம் தாராளமாக இருந்தது.